உட்சுவர்

எலியின் பெருந்தமனியை
மூன்று மில்லிமீட்டர் வளையங்களாக நறுக்குகிறேன்.
இரண்டு கொக்கிகளுக்கிடையில் மாட்டி
வெதுவெதுப்பான உப்புநீரில் தொங்கவிட்டால்
உடம்பு போன சேதி எட்டாமல்
இன்னும் நாலு மணிநேரம்
வேலை பார்க்கும் அது.

இறுகச் சொல்லி ஒரு துளி விடுகிறேன்.
இறுகுகிறது.
திரையில் கோடு மேடேறி நிற்கிறது.
அப்புறம்தான் ஒலிவ இலைச் சாறு.

பெர்கான் சாலைத் தோட்டத்தில்
கிளை கழித்தபோது கேட்டு வாங்கியது.
காய் எண்ணெய்க்குப் போயிருந்தது,
தழை ஆட்டுக்குப் போயிருந்தது,
ஆடு மிச்சம் வைத்ததுதான் ஆராய்ச்சிக்கு.
நிழலில் உலர்த்தி, இடித்து, ஊறவைத்து, வடித்து,
உறையவைத்து ஈரம் உறிஞ்சி
கடைசியில் ஒரு குப்பிப் பழுப்புத் தூள்.
விரல்நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன்.
விதிப்படி தவறு.
சாயங்காலப் புதினாத் தேநீரும் கசந்தது.

எலிக்கூடத்துக் காவலர் மிமூன்.
எல்லை மூடும்வரை
உஜ்தாவுக்கும் திலெம்சேனுக்கும் லாரி ஓட்டியவர்.
இப்போது இடது கெண்டைக்கால்
நூற்றெண்பது அடிக்கு மேல் நடக்கவிடுவதில்லை.
கவ்வுமாம். நின்றால் விடுமாம்.
நிற்கிற இடம் எப்போதும்
மணப்பெண் உடைக் கடை வாசலாக அமைந்துவிட,
இந்த வயதில் யாருக்குப் பார்க்கிறாய் என்று
கடைக்காரன் ஒரு நாற்காலியே போட்டுவிட்டானாம்.
"இந்த ஊரில் கிழக்கே போகிற சாலையே அடைப்பு.
என் காலை மட்டும் ஏன் குறை சொல்ல?"
சிரிப்பார்.
சிரித்துக்கொண்டே கேட்பார்:
"வளையம் இன்றைக்கு என்ன சொல்லுது?"

டிசம்பரில் ஒரு செவ்வாய்
கோடு இறங்கியது.
சாறு விழுந்த ஆறாம் நிமிடம்
இறுக்கத்தில் முக்கால்வாசி போய்விட்டது.
வாய் சும்மா இருக்கவில்லை, அவரிடம் சொன்னேன்.
மறுநாளே காவலறை அடுப்பில்
ஒலிவ இலை கொதித்தது.

லுப்னா எதையும் ஒரே தடவையில் நம்பமாட்டாள்.
உட்சுவரை உரித்துவிட்டுப் பார் என்றாள்.
வளையத்துக்குள் பருத்தி நூல் விட்டு
மெல்ல உருட்டினால் வந்துவிடும்.
ஒற்றை அடுக்குச் செல்,
பாலாடை அதற்குக் கம்பளி.
உரித்தேன். இறுக்கினேன். சாறு விட்டேன்.
கோடு நின்ற இடத்தில் நின்றது.
அளவை இரட்டித்தேன்.
நின்றது.
ஆறு எலி, பன்னிரண்டு வளையம், ஜனவரி முழுக்க.

அப்படியென்றால் இலை
தசையிடம் பேசவே இல்லை.
உட்சுவரிடம் சொல்கிறது,
உட்சுவர் தசையிடம் சொல்கிறது.
நோயுற்ற குழாயில் முதலில் கெடுவதோ
அந்தச் சுவர்தான்.
உண்டு முடித்தவனுக்குப் பந்தி விரித்துவிட்டு
பசித்தவன் வீட்டுக் கதவை
ஒரு தட்டுத் தட்டித் திரும்பியிருக்கிறது என் இலை.

"அருமையான முடிவு" என்றாள் லுப்னா.
எந்த வழியாக வேலை செய்கிறதென்று
தெரிந்துவிட்டது, கட்டுரை எழுதலாம்.
உண்மையாகவே மகிழ்ந்தாள்.
பாதாம் கேக் வாங்கிவந்தாள்.
நானும் இரண்டு துண்டு தின்றேன்.

இரவு, வாசற்கதவருகே மிமூன்.
"இருநூற்றெழுபது" என்றார்.
எது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.
"உன் இலைதான்.
தினம் பறித்துத் தினம் காய்ச்சுகிறேன்."

சொல்லிவிடலாம்:
நூல் உருட்டிய கதையை,
அசையாத கோட்டை,
ஒற்றை ஆளை வைத்து
எதையும் நிரூபிக்க முடியாது என்பதை.
வாயெடுத்தால் வேறு கேள்வி வந்தது.
"எந்த மரத்தில் பறிக்கிறீர்கள்?"

"எல்லைச் சாலையில், தடுப்புக்குக் கொஞ்சம் முன்னால்.
இங்கே கிட்ட இருப்பதெல்லாம் புகை குடித்த மரம்.
முதலில் எட்டு இடத்தில் நின்று நின்று போவேன்,
இப்போது ஐந்து."

போக ஐந்து, வர ஐந்து.
மனசுக்குள் அடிகளைப் பெருக்கிப் பார்த்தேன்.
ஒரு நாள்கூட விட்டதில்லையாம், மழையிலும்.

"அங்கேயே பறியுங்கள்" என்றேன்.
"கிட்ட உள்ள மரத்தில் வேண்டாம்."

"அந்த மரம் அவ்வளவு விசேஷமா?"

கொக்கிகளைக் கழுவ வேண்டியிருந்தது.
உள்ளே போனேன்.